வாய்க்கால் மீது வீண்பழி

பெரிய வாய்க்காலைத் தூர்வாரி, தெருத்தெருவாகப் புகை அடித்தால் புதுச்சேரியில் டெங்கு ஒழிந்துவிடும் என்கிறார் நண்பர். வாய்க்காலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, தூர்வாரட்டும். ஆனால் சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு. 1975இல் இங்கே தொடங்கிய வி.சி.ஆர்.சி. என்னும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980களில் மல்லுக்கட்டியது அதனோடுதான்.

டெங்குவின் ஏடிஸ் நல்ல தண்ணீர்க்காரி. மொட்டைமாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்தட்டு, கொட்டாங்கச்சி எல்லாம் அவள் பிரசவ அறைகள். கடிப்பதும் பகலில். முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் தாங்கி, ஐப்பசி மழை பட்டதும் பொரியும். புகை சாகடிப்பது பறக்கும் கொசுவை, முட்டையை அல்ல. தண்ணீரைக் கொட்டினாலும் போதாது, முட்டை ஒட்டியிருக்கும் தொட்டியின் உட்சுவரை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். அந்தப் பிரஷ்ஷை நகராட்சி பிடிக்காது, நண்பர்தான் பிடிக்கவேண்டும்.