கோடை விடுமுறை யாருக்கு?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கோடை வந்தால் நமக்கு விடுமுறை. தாயாகவும் மாணவியாகவும் இருப்பவளுக்கு?

என் அக்காவைச் சொல்கிறேன். பள்ளி வாயிலைக் கண்டறியாத பெற்றோரின் மக்கள் நாங்கள். அக்கா வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவள் மகனுக்கு இரண்டு வயது. வகுப்புகள் இல்லாத மே மாதத்தில்தான் ஆய்வுக்கூடம் அவளுக்கு முழுதாகக் கிடைக்கும். அப்போது அம்மாவோ செங்கல் சூளையில். அத்தானோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியில். அமிலப் புட்டிகளுக்கிடையே குழந்தையை விட முடியுமா? சென்ற மே மாதத்தில் அவள் ஆய்வுக்கூடம் போனது பதினோரு நாள்தான்.

'பெண்கள் ஆராய்ச்சியைப் பாதியில் விடுவது ஊக்கக் குறைவால்' என்று பேசியவன்தான் நானும். ஒரு நாள் குழந்தையை என்னிடம் விட்டுப் போனாள். மூன்றே மணி நேரம்! மண்ணைத் தின்றான், குடத்தைக் கவிழ்த்தான், 'அம்மா' என்று அழுதான். நான் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கமும் நகரவில்லை. அக்காவோ, நாள்தோறும் அவன் உறங்கியபின் ஆய்வேடு எழுதுகிறாள். என் பேச்சு அன்றோடு நின்றது.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. மாணவி பணியாளர் அல்லவே! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் ஆராய்ச்சி மாணவியருக்கு 240 நாள் வரை விடுப்புக்கு இடமளித்தன. வரவேற்கிறோம். ஆனால், விடுப்பு முடிந்ததும் குழந்தை வளர்ந்துவிடுமா?

மிதிவண்டிக்குக் கூரை போட்ட கல்லூரி, மழலைக்கு ஓர் அறை தரலாகாதா? ஒரு பாய், ஒரு தொட்டில், ஓர் ஆயா போதுமே! இதைக் கேட்க வேண்டியவர்கள் தாய்மார்கள் மட்டுமல்லர், தம்பிமார்களும்தான். ஆசிரியப் பெருமக்களே, தோழர்களே, சிந்திப்பீர்!