கும்பிட இடம், கணக்குக் கேட்க இடமில்லை

பஞ்சாபில் ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமம். கிணறுகளின் அடியில் மரவளையம் பொருத்தும் பாபா நிஹால் சிங் அந்த வேலையிலேயே உயிரிழந்தார். ஊர் அவரைத் தியாகியாக வணங்கியது. நினைவிடம் குருத்வாரா ஆனது. விசா கிடைக்க வேண்டி அங்கே பொம்மை விமானம் காணிக்கை வைக்கும் வழக்கம் பரவியிருந்தது.

உழைப்பாளி ஒருவரின் நினைவிடம்தான். ஊரில் பெரும்பான்மையினரும் தலித்துகள்தான். ஆனால் காணிக்கையைக் கையாளும் நிர்வாகக் குழுவோ ஜாட் சாதியினர் கையில். பங்கு கேட்ட தலித்துகள்மீது 2003 ஜனவரியில் சமூகப் புறக்கணிப்பு ஏவப்பட்டது. ஜூனில் மோதல் வெடித்தது. ஜலந்தரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் உயிரிழந்தார். அதற்குப் பிறகே குழுவில் இரண்டு தலித்துகளுக்கு இடம் கிடைத்தது.

சாதியை மறுத்த மதத்திலேயே இதுதான் நிலை. கும்பிட விடுவார்கள், சாவியைத் தர மாட்டார்கள்.

கொங்கு மண்ணில் நாமும் ஆலய நுழைவோடு நின்றுவிடக் கூடாது தோழர்களே. 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டப்படி, அரசு அமைக்கும் அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலில் அவர் யார்? கூட்டத்துக்கு அவரை அழைக்கிறார்களா, கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவோம். அங்கிருந்து தொடங்குவோம்.