தாயுமானவருக்கும் அனுமதி இல்லை

பிரசவ அறைக்குள் துணைக்கு யாரும் வரக்கூடாது என்று நம் அரசு மருத்துவமனைக் கதவில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தக் காகிதம் சொல்லும் காரணம்: இடநெருக்கடி. இடநெருக்கடி 2004-லும் இருந்தது. அந்த ஆண்டுதான் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவர் உடனிருக்கலாம் என்ற திட்டம் தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. மத்திய அரசுக்கு அது தோன்ற 2016 ஆயிற்று. முந்திக்கொண்ட நாம்தான் இப்போது பின்னோக்கி நடக்கிறோம்.

துணை என்பதைச் சலுகையாக நினைக்கிறார்கள் போலிருக்கிறது. கருப்பை சுருங்கி விரிய ஆக்சிடோசின் சுரக்க வேண்டும். மிரண்ட உடம்பில் அட்ரினலின் ஏறும், வலி தளர்ந்துபோகும். உடனே டிரிப்ஸ் ஏற்றுவார்கள். அதில் இருப்பதும் செயற்கை ஆக்சிடோசின்தான். இடுப்பை நீவிவிட, நாலடி நடத்திக் கூட்டிப்போக, ஒரு மடக்கு தண்ணீர் கொடுக்க அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருந்தால் தானாக நடந்திருக்கக்கூடிய காரியம். தலைப்பிரசவத்தில் மணிக்கணக்காகும். கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும், மணிக்கு 1 செ.மீ. என்று கணக்குப் போட்டு அவசரப்படுத்தக் கூடாது என 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அத்தனை மணி நேரமும் அவள் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? கட்டிலுக்குக் கட்டில் ஓடும் நர்ஸைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

துணை இருந்தால் வலிநேரமும் சிசேரியனும் குறைகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்ட உண்மை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் மட்டும் 36. உயிர் காக்கக் கத்தி வைக்கத்தான் வேண்டும். அது வேறு பேச்சு.

வளைகாப்பில் ஊர்ப் பெண்களெல்லாம் சுற்றி நின்று அடுக்கிய கண்ணாடி வளையல்களைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள் பெண். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கேட்கும் அலறல் தன் மகளுடையதா, அடுத்த கட்டில்காரியுடையதா என்று அவளுக்குத் தெரியாது. காவிரி வெள்ளத்தில் தாய் அக்கரையில் தவித்தபோது, தாயாகவே வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தவர் திருச்சி மலைமேல் இருக்கிறார். இன்று வந்திருந்தால் அவரையும் படிக்கட்டில்தான் உட்கார வைத்திருப்பார்கள்.

கதவில் அந்தக் காகிதத்தை ஒட்டிய கைகள் நமக்குப் புதியவையல்ல. வலிகண்ட பெண்கள் நடப்பதற்கென்றிருந்த வராந்தாவில் உடைந்த கட்டில்களையும் பழைய ஃபைல்களையும் அடுக்கியவர்கள் இவர்கள்தான். கட்டில்களுக்கு நடுவே தொங்கிய திரைகளைச் சலவைக்கென்று கழற்றினார்கள். சலவை இன்னும் முடியவில்லை. உறவினர் தங்க ரிப்பன் வெட்டித் திறந்த கொட்டகையில் யாருடைய இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன என்று போய்ப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு முறையும் 'தற்காலிக ஏற்பாடு' என்றார்கள். இடநெருக்கடி எங்கிருந்து வந்தது என்று இதற்குமேல் விளக்க வேண்டுமா?

மேலிடத்தில் இருப்பவர்கள் இனியாவது கண்திறந்து பார்த்து ஆவன செய்ய வேண்டும். இந்த இதழ் அச்சுக்குப் போகும் இரவிலும் அந்தக் காகிதம் கதவில்தான் இருக்கிறது. படிக்கட்டில் ஏழெட்டு அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.