சைக்கிள் ஓட்டுதலும் இங்கிலீஷ் எழுதுதலும்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கிராமத்துப் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அதோடு நிற்கவில்லை. சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். அப்படிப் பழகியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

அவர்கள் கற்றது என்ன? படித்தல், எழுதுதல், ஓட்டுதல். இவை செயலுக்கு வைத்த பெயர்கள். தமிழில் இதற்குத் 'தொழிற்பெயர்' என்று பெயர். இங்கிலீஷில் 'ஜெரண்ட்' என்பார்கள். ரீடிங், ரைட்டிங், சைக்கிளிங் என்று 'இங்' சேர்ந்து வரும்.

அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வேலை கேட்டு இங்கிலீஷில் மனு எழுதுகிறார்கள். 'இங்' வரும் இடத்தில் பேனா தயங்குகிறது. தயங்க வேண்டியதில்லை. தமிழே கைகொடுக்கும்.

'வேலையில் சேர்வதில் ஆர்வம் உண்டு' என்று எழுத வேண்டும். பலர் 'இன்டரஸ்டெட் இன் டு ஜாயின்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. 'சேர்வதில்' என்ற சொல்லைப் பாருங்கள். 'சேர்வது' என்ற பெயரோடுதான் 'இல்' ஒட்டுகிறது. இங்கிலீஷிலும் 'இன்' என்ற சொல்லை அடுத்துப் பெயரே வரவேண்டும். 'இன்டரஸ்டெட் இன் ஜாயினிங்' என்பதே சரி.

'புத்தகங்களைப் படித்தல் நல்லது' என்பார்கள். 'நல்லவை' என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? புத்தகம் பல, படித்தல் ஒன்று. ஆகவே 'ரீடிங் புக்ஸ் ஈஸ் குட்' என்று எழுத வேண்டும். 'ஈஸ்' இருக்குமிடத்தில் 'ஆர்' போடக்கூடாது.

'இங்' சேர்ந்த சொல்லெல்லாம் தொழிற்பெயர் ஆகிவிடாது. 'ஸ்லீப்பிங் பேபி' என்றால் தூங்குகிற குழந்தை. 'ஸ்லீப்பிங் டேப்லெட்' என்றால் தூங்குகிற மாத்திரையா? இல்லை. தூங்குதலுக்கு உதவும் மாத்திரை! முதலாவது, குழந்தை என்ன செய்கிறது என்று காட்டுகிறது. இரண்டாவதுதான் செயலின் பெயர். 'தல்' போட்டுப் பார்த்தால் பொருள் விளங்கிவிடும்.

விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதால் மட்டும் பயன் இல்லை. ஆசிரியர்கள் முதலில் தமிழ்த் தொழிற்பெயரைக் காட்ட வேண்டும். பிறகு ஜெரண்டை அதன் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். பிள்ளைக்குப் பயம் போய்விடும்.

சைக்கிள் பழகுகிறவருக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இங்கிலீஷ் பழகும் பிள்ளைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளத் தமிழ் இருக்கிறது!