குன்று இழந்த கோயில்

ஸ்பெயினின் செகோவியா மாகாணத்தில் ஃபுவென்டிதுவேன்யா என்றொரு சிற்றூர். அங்குள்ள குன்றின்மேல் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது புனித மார்ட்டின் தேவாலயம். இன்று அங்கே எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களும், பாறையில் மனித உடல் வடிவில் குடைந்த கல்லறைகளும்தான். பலிபீடம் இருந்த அரைவட்டப் பகுதி சுமார் 3,300 சுண்ணாம்புக் கற்களாகக் கழற்றப்பட்டு, கப்பலேறி, 1961 முதல் நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அழியவிருந்த கலைச்செல்வம் பிழைத்தது என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நடுக்கூடம் முன்பே இடிந்துபோனது உண்மைதான். ஆனால் அந்த அரைவட்டம் ஏறத்தாழ 800 ஆண்டுகள் அதே குன்றில் உறுதியாக நின்றதால்தான் அருங்காட்சியகம் அதை விரும்பியது. 1931இலேயே அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. கல் கல்லாகப் பிரித்துக் கடல் கடத்த முடிந்தவர்களால் இருந்த இடத்திலேயே ஒரு கூரை போட்டிருக்க முடியாதா?

ஸ்பெயின் சும்மா கொடுக்கவில்லை, பதிலுக்குப் பெற்றது என்பார்கள். பெற்றவை சான் பௌதேலியோ தே பெர்லாங்கா என்ற இன்னொரு சிறு தேவாலயத்தின் 6 சுவரோவியங்கள். 1920களில் வியாபாரி ஒருவர் விலைக்கு வாங்கிச் சுவரிலிருந்து உரித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவை அவை. திரும்பி வந்தும் பெர்லாங்காவின் சுவருக்குப் போகவில்லை. மத்ரீதின் பிராதோ அருங்காட்சியகத்துக்குப் போயின. பேரம் முடிந்தபோது இரண்டு பெருநகரங்கள் நிறைந்தன, இரண்டு கிராமங்கள் வெறுமையாயின. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் நடந்த இந்தக் கைமாற்றத்தை நியாயமான பண்டமாற்று என்று ஏற்க என்னால் இயலவில்லை.

நியூயார்க்கில் மிகப் பலர் பார்க்கிறார்களே என்பது வலுவான வாதம். சிங்கங்களிடையே தானியேலையும் குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளையும் செதுக்கிய தூண் தலைப்புகள் அங்கே நல்ல வெளிச்சத்தில் தெரிகின்றன. ஆனால் மேலே கவிந்த அரைக்குவிமாடத்தில் இருப்பது கட்டலோனியாவின் த்ரெதோஸ் தேவாலயத்து ஓவியம். எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்திராத கல்லையும் வண்ணத்தையும் ஒரே கோயிலாக மக்கள் பார்த்துப் போகிறார்கள். செதுக்கிய கல்லை எங்கும் காட்டலாம். குன்றைச் சுற்றியுள்ள கல்லறைகளும் கீழே விரியும் ஊரும் சேர்ந்து சொன்ன வரலாற்றை அங்கே காட்ட முடியாது.

அந்தக் கற்களை மறுபடி பிரித்து ஏற்றுவது அவற்றுக்கே கேடாக முடியலாம் என்பதால் நாளையே திருப்பி அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவை விற்கப்படவில்லை, ஸ்பெயின் அரசு தந்த இரவல். இரவல் வாங்கியவர்களுக்குக் கடமை உண்டு. எஞ்சிய சுவர்களையும் கல்லறைகளையும் பேணும் செலவில் அருங்காட்சியகம் பங்கேற்க வேண்டும். இரவலின் நிபந்தனைகள் பேசப்படும் மேசையில் ஃபுவென்டிதுவேன்யா மக்களுக்கும் இடம் தர வேண்டும்.