எழுபத்தைந்து வருடம் நின்றது சாட்சியாகாது

கினிகத்தேனைப் பக்கம் அணைக்கட்டுப் பேச்சு எழுந்தால் வழக்கமான பதில் ஒன்று வரும்: வெள்ளைக்காரன் கட்டியது, அசையாது. முதலில் அந்த வரலாறே சரியில்லை. நோர்ட்டன் அணையின் நீரில் பழைய லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல், சுதந்திரத்துக்குப் பிறகு. காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் 1960களில் எழுந்தவை. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனதும் அப்போதுதான்.

வரலாற்றுப் பிழையை விட்டுவிடலாம். இத்தனை காலம் நின்றது இனியும் நிற்கும் என்ற நம்பிக்கையை விட முடியாது, அது உயிரோடு விளையாடுவது.

கந்தளாய்க் குளம் பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அதன் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஈடன்வில் அணை 1920களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. பெருவெள்ளத்தை வெளியேற்ற அதன் வான்கதவுகள் போதாது என்று அதிகாரிகள் வருடக்கணக்காகச் சொன்னார்கள். 2018இல் மின் உற்பத்தி உரிமத்தையும் பறித்தார்கள். அணை மட்டும் அப்படியே நின்றது. 2020 மே மாதம் கனமழையில் உடைந்தது. கீழே இருந்த பத்தாயிரம் பேரளவில் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால்தான் உயிர்ச்சேதம் தவிர்ந்தது.

நம் பக்கத்துக் கொன்கிரீட் அணைகள் தம் எடையாலேயே நிற்பவை. அடித்தளத்துக்குக் கீழே கசியும் நீர் அணையை மேல்நோக்கித் தள்ளும். அந்த அழுத்தத்தைக் குறைப்பதற்காகவே வடிகால் துளைகள் விடுகிறார்கள். கொன்கிரீட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு காலப்போக்கில் அவற்றை அடைக்கக்கூடும். அடைத்தால் கீழே அழுத்தம் ஏறும். வீதியில் நின்று பார்ப்பவருக்கு அணை நேற்றுப் போலவேதான் இருக்கும். கதவைத் தூக்கும் மோட்டாரும் கம்பியும் வயதாகும், அடைமழை இரவில் மின்சாரம் நின்றால் மாற்று வழியும் வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஓர் அணையை ‘அபாயம் கூடிய’ வகுப்பில் வைத்தால், அது உடையப்போகிறது என்று ஊர் பதறுகிறது. அந்த வகுப்பு அணையின் வெடிப்பை அளப்பதில்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர், எத்தனை வீடு போகும் என்பதையே அளக்கிறது. அணையின் உடல்நிலைக்குத் தனி மதிப்பீடு உண்டு. ஆகவே புத்தம்புது அணையும் உயர் அபாய வகுப்பில் வரலாம். ஆற்றங்கரையில் வீடுகள் பெருகினால், ஒரு கல்கூட அசையாத அணையின் வகுப்பும் உயரும்.

இங்கே அணைகள் படிபோல அடுக்கி நிற்கின்றன. காசல்ரீயின் கீழ் நோர்ட்டன். மவுஸ்ஸாகலையின் கீழ் கனியோன், அதற்கும் கீழ் லக்ஷபான. மேலே ஒன்று போனால் அதன் நீர் அடுத்ததன் தலையில்தான் விழும். இந்த இரண்டு வரிசை அணைகளும் நிற்கும் இரண்டு ஓயாக்களும் சேர்ந்து களனி கங்கையாகி, கித்துல்கல வழியே கொழும்பு வரை போகின்றன.

உலக வங்கிக் கடனுதவியுடன் 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் பல பெரிய அணைகளைப் பரிசோதித்துத் திருத்தியது. நல்ல வேலை. ஆனால் பரிசோதனை ஒருமுறையோடு முடியும் காரியமல்ல. முடிவுகள் லயத்திலும் ஆற்றோரத்திலும் வாழும் மக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். அணை உடைந்தால் நீர் எந்த உயரம் வரை வரும், எத்தனை நிமிடத்தில் வரும், எந்தப் பாதையில் மேலே ஏறுவது என்பதைக் காட்டும் வரைபடம் ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் தோட்ட அலுவலகத்திலும் தொங்க வேண்டும். இதைக் கேட்பவரைப் பீதி கிளப்புபவர் என்று வாயடைக்கும் வழக்கம் முதலில் ஒழியட்டும்.