தகுதி நீக்கும் பொறுப்பு அதிகாரிக்கே

கோவை மதுக்கரைப் பகுதியில் 2021 நவம்பரில் ரயில் மோதி ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அதே வழித்தடத்தில் வனத் துறை செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. கோபுரங்களில் உள்ள கேமராக்கள் தண்டவாளத்தை நெருங்கும் யானையை இனங்கண்டதும் வனத் துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகிறது. கைப்பேசியில் கண்ணைப் படமெடுத்துக் கண்புரையைக் கண்டறியும் ‘இ-பார்வை’ செயலியையும் தமிழக அரசே உருவாக்கியிருக்கிறது. இத்தகைய பணிகளில் தயக்கமே வேண்டியதில்லை. எச்சரிக்கை தவறாகப் போனால் ரயில் சற்று மெதுவாக ஓடும். புரை இல்லாதவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார். யாருடைய உரிமையும் பறிபோகாது.

ஒருவர் உதவிக்குத் தகுதியானவரா என்று கணினி முடிவுசெய்யத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. தெலங்கானாவின் ‘சமக்ர வேதிகா’ பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் மென்பொருள். ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, பெயர் ஒற்றுமையால் கார் உரிமையாளர் என்று அது காட்டியது. அவருடைய மனைவிக்கு மானிய அரிசி மறுக்கப்பட்டது. அந்த மாநிலத்தில் கணினியை நம்பி ரத்து செய்யப்பட்ட சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகளைக் களத்தில் மறுஆய்வு செய்யும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. மென்பொருளின் உள்ளமைப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவும் இல்லை. வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை, கணினியின் கணிப்பையும் நம்பி, மோசடிக்காரர்களாக நடத்திய விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒரே தெருவில் நான்கு முருகன்கள் இருப்பார்கள். ஓர் ஆவணத்தில் முன்னெழுத்து, இன்னொன்றில் தகப்பனார் பெயர் முழுதாக. ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், பட்டாவில் வேறு. பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு யாரோ உத்தேசமாக எழுதிய தேதி. ஊர் கிராம நிர்வாக அலுவலர் ஒரு நிமிடத்தில் தெளிவுபடுத்தும் இந்தக் குழப்பங்கள் கணினிக்கு மோசடியாகத் தெரியலாம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், சொந்தக் கார் போன்ற விவரங்கள் அரசின் தரவுகளோடு ஒப்பிடப்பட்டன. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் இருந்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் புதிதாகக் கேட்பவருக்குப் போதுமான அந்த வழி, ஏற்கெனவே பெற்றுவரும் முதியோர் உதவித்தொகையோ ரேஷனோ நின்றுபோனவருக்குப் போதாது. மேல்முறையீடு முடியும்வரை அவர் எதைச் சாப்பிடுவார்?

ஆகவே, கணினி சந்தேகத்தை எழுப்பலாம். அட்டையை ரத்து செய்யக் கூடாது. ரத்து செய்யுமுன் எழுத்துபூர்வமான நோட்டீஸ், நேரடிக் கள விசாரணை, காரணம் குறிப்பிட்டு ஓர் அதிகாரி கையெழுத்திட்ட ஆணை மூன்றும் கட்டாயமாக வேண்டும். தகுதியில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை துறையைச் சேர்ந்தது. வயதான பெண்மணி ஆவணக் கட்டோடு தாலுகா அலுவலகத்துக்கு அலையக் கூடாது. இதனால் வேலை தாமதமாகும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். தாமதமாகட்டும். தகுதியற்ற சிலர் சில மாதம் கூடுதலாக அரிசி வாங்குவதைவிட, தகுதியுள்ள ஒரு குடும்பம் பட்டினி கிடப்பது பெரிய குற்றம்.

பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று 2020இலேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் தமிழ்நாடு. மக்களிடம் கொண்டுசெல்லுமுன் இத்தகைய மென்பொருள்களை மதிப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் கொள்கைக்குச் சட்டத்தின் வலு கிடையாது. எந்தத் துறை எந்த மென்பொருளை எதற்காகப் பயன்படுத்துகிறது என்ற பட்டியலைப் பொதுவில் வைத்து, மேற்சொன்ன பாதுகாப்புகளைச் சட்டமாக்கும் மசோதாவைத் தமிழக அரசு சட்டப்பேரவையில் கொண்டுவர வேண்டும்.